மரத்த வாய்களில் ஒரு பாஸ்வேர்டு

எங்கள் தெருப் பல் டாக்டரின் கம்ப்யூட்டர் மறந்துபோன ஒரு பாஸ்வேர்டை முந்நூறு வாய்கள் நினைவில் வைத்திருந்தன. அவற்றில் பாதி வாய்களில் பல்லே கிடையாது. மற்ற இடங்களில் கம்ப்யூட்டர் மறந்தால் மறந்ததுதான். எங்கள் தெருவில் எதுவும் அப்படி வீணாகப் போவதில்லை. நம்பாதவர்கள் வெயில் தாழ வந்தால் ஆட்களைக் காட்டுகிறேன்; வாயைத் திறந்து காட்டவும் சொல்கிறேன்.

டாக்டரின் கை அவ்வளவு லேசான கை. லாரி டிரைவர் ஒருவர், "எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?" என்று நாலைந்து முறை கேட்டுவிட்டுச் சலித்துப்போய் வீட்டுக்குத் திரும்பி, சாப்பிட உட்கார்ந்தபோதுதான் பல் போய்விட்டதைத் தெரிந்துகொண்டார். முன்னறையில் டாக்டரின் மனைவி உட்கார்ந்து, யாருக்கு எந்த நேரம் என்பதைக் கம்ப்யூட்டர் காலண்டரில் குறித்துக்கொள்வார். வருகிறவர்கள் எல்லாருக்கும் அவர் அக்கா; அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அக்காதான். அவர்களுக்கு ஒரே பையன் இருந்தான். அவனுடைய கன்னங்கள் இரண்டும் முதலில் வீட்டுக்குள் நுழையும், மற்ற உடம்பு சாவகாசமாகப் பின்னால் வரும். அதனால் பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. பப்ளிமாஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆறு வயதில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. அப்பா அவன் வாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். கடைசி ஈறு வீங்கியிருந்தது. "கடைவாய்ப்பல் முளைக்குதும்மா. அதான் உடம்பு சுடுது. பயப்படாத" என்றார். பல் முளைத்துக்கொண்டிருந்தது உண்மை. காய்ச்சல் அதனால் வந்ததல்ல. அது தெரிய வந்தபோது பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை தயாராக இருந்தது, அதில் படுக்கப் பையன்தான் இல்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று யாரும் பேசி முடிவு செய்யவுமில்லை. அவர் குற்றத்தை ஒத்துக்கொள்ளவில்லை, அவள் குற்றம் சொல்லவில்லை. காலை காப்பி, ராத்திரி மாத்திரை, நடுவில் ஊரார் பற்கள் என்று வருஷங்கள் போயின. காய்கறிக்காரர்கூட அந்த வாசலில் அந்தப் பழத்தின் பெயரைச் சொல்லிக் கூவாமல் தாண்டிப் போகக் கற்றுக்கொண்டார். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிக் காலண்டரைப் போட்டபோது அது ஒரு பாஸ்வேர்டு கேட்டது. அக்காவின் விரல்கள் அவளைக் கேட்காமலே அடித்தன. திரையில் பெயர் தெரியவில்லை, வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள்தான் தெரிந்தன. அந்தப் பெயரை வைக்க அந்த வீட்டில் அதைவிட நல்ல இடம் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. 'நினைவில் வைத்துக்கொள்ளவா?' என்று காலண்டர் கேட்டது. ஆமாம் என்றாள். வெகுகாலம் அது சொன்ன சொல்லைக் காப்பாற்றியது.

பிறகு ஒரு அப்டேட் வந்தது. மறுநாள் காலை காலண்டர் எதுவுமே தெரியாத முகத்தோடு பாஸ்வேர்டு கேட்டது. அக்கா அடித்தாள், நினைவில் வை என்றாள், சரி என்றது. அடுத்த நாள் காலை மறுபடியும் கேட்டது. இப்படித் தினமும் அந்தப் பெயரை எழுத்தெழுத்தாக அடித்துவிட்டுத்தான் அவள் ஊருக்குக் காலை வணக்கம் சொல்ல வேண்டியிருந்தது. சில நாட்கள் கடைசி எழுத்துக்கு முன் விரல் நின்றுவிடும். "என்னக்கா, கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுதா?" என்று கேட்பார்கள். "ஆமாங்க, ஞாபகமறதி" என்பாள்.

மிஷின் விட்டதை வாய்கள் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தது அந்த வாரத்தில்தான். முதலில் தையற்காரம்மா. கீழ்த்தாடையில் ஊசி போட்டு, உதடு செத்துக் கிடக்க, வாய்க்குள் கண்ணாடியும் கொக்கியும் இருக்கும்போது, "பப்ளிமாஸ்" என்றார். உதடு மரத்தவர்களுக்குப் 'ப'வும் 'ம'வும் வராது, வெறும் காற்றுதான் வரும். இதைப் பல் டாக்டருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் கை ஒரு கணம் நின்றது. பிறகு பஞ்சை அழுத்தி வைத்தார். அடுத்து டிராஃபிக் போலீஸ்காரர், அடுத்து பேங்க் மேனேஜர், நம் மொழியில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாத ஒரு கப்பல்காரர், எல்லாரும் மணி அடித்ததுபோல் தெளிவாகச் சொன்னார்கள். எழுந்து உட்கார்ந்ததும், "நான் ஏதாவது சொன்னேனா டாக்டர்?" என்று கேட்டார்கள். "இல்லையே" என்றார் டாக்டர். தண்ணீர் டம்ளரில் ஊறிக்கொண்டிருந்த ஒரு பல்செட் குமிழி விட்டுக்கொண்டே அதைச் சொன்னதாகவும் பேச்சு உண்டு. அதை நான் பார்க்கவில்லை. பார்த்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் முகம் வெளுத்திருந்தது. முன்னறையில் காத்திருந்தவர்கள் காதிலும் அது விழுந்தது; தெருவில் எல்லாருக்கும் அந்தப் பெயர் திரும்பக் கிடைத்துவிட்டது. கன்னங்களை நினைத்துக்கொண்டார்கள். அந்த வாசலைக் கடக்கும்போது மெதுவாக நடந்தார்கள்.

ரிப்பேர்காரரை வரவழைத்தது டாக்டர்தான். அவர் கம்ப்யூட்டரை முன்னும் பின்னும் தட்டிப் பார்த்துவிட்டு, "பாஸ்வேர்ட சேத்து வைக்கிற எடமே கெட்டுப்போச்சு மேடம். பழச அழிச்சிட்டுப் புதுசா ஒண்ணு வச்சிடலாம். என்ன வைக்கட்டும்?" என்றார்.

"பழசு என்ன ஆகும்?"

"அது போயிடும். அத வச்சு என்ன மேடம் பண்ணப் போறீங்க?"

"அப்ப நீங்க கெளம்புங்க. காப்பி குடிச்சிட்டுக் கெளம்புங்க" என்றாள் அக்கா.

அவர் போனபின் டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "ஒரு வார்த்தைக்கா இவ்ளோ பிடிவாதம்? அப்படி என்ன வார்த்தை அது?" என்று கேட்டார்.

"உள்ள தினம் உங்க காதுல விழுதே, அதுதான்."

"மரத்த வாய் எதையாவது ஒளறும். அதெல்லாம் ஒரு பேச்சா?"

அக்கா அன்று சமைத்தாள், பாத்திரம் கழுவினாள். மறுநாள் விடிந்ததும் ஒரு பையில் நாலு புடவையை வைத்துக்கொண்டு, "தெனமும் நானே அடிச்சிட்டிருக்கேங்க. தனியா அடிச்சு அடிச்சுக் கை ஓய்ஞ்சுபோச்சு. ஒருநாள் நீங்க அடிச்சுப் பாருங்க. அடிச்சா போன் பண்ணுங்க, வர்றேன். இல்லேன்னா வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் கோபப்பட்டுப் பேசியிருந்தால் அவர் சமாளித்திருப்பார். காஸை அணைத்துவிட்டேன் என்பதுபோல் சொல்லிவிட்டுப் போனதுதான் அவரை உட்கார வைத்தது.

முன்னறை நிரம்பிவிட்டது. யார் முதலில் என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தது அந்தக் காலண்டருக்குத்தான். டாக்டர் தன் மனைவியின் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. தன் பல் ஆஸ்பத்திரியின் பெயரை அடித்தார், தவறு என்றது. போன் நம்பரை அடித்தார், கல்யாண நாளை அடித்தார், தன் பெயரைக்கூட அடித்துப் பார்த்தார். பெஞ்சில் இருந்தவர்கள் வீங்கிய தாடைகளைக் கையில் ஏந்திக்கொண்டு பார்த்தார்கள். வலியை மறந்து பார்த்தார்கள் என்று சொன்னால் மிகை; வலியோடுதான் பார்த்தார்கள், ஆனால் ஒருவரும் முனகவில்லை. கடைசியில் தையற்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"டாக்டரே, அது எங்க எல்லாருக்கும் தெரியும். நான் சொல்லட்டுங்களா?"

"வேண்டாம்மா" என்றார் அவர். "எனக்கும் தெரியும்."

ஆயிரம் பற்களை நோகாமல் பிடுங்கிய அந்த விரல்கள் அந்தச் சின்னப் பெயரை அடிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் பெஞ்சின் ஓரத்தில் விழுந்திருந்த வெயில் நகர்ந்து சுவரில் ஏறியது. புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. காலண்டர் திறந்தது. 'நினைவில் வைத்துக்கொள்ளவா?' என்று அது வழக்கம்போல் கேட்டதற்கு, வேண்டாம் என்று அழுத்தினார். போனை எடுத்தார். இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்களே என்று பார்க்கவில்லை. யாரும் எழுந்து போகவும் இல்லை.

"தொறந்துடுச்சும்மா" என்றார்.

"எத அடிச்சீங்க?" என்றாள் அவள் எதிர்முனையில்.

"பப்ளிமாஸ்" என்றார். மறுபடியும் ஒருமுறை சொன்னார். "அது பல்லு மொளச்ச காய்ச்சல் இல்லம்மா. எனக்கு அன்னைக்குத் தெரியல."

"ம்" என்றாள் அவள். பிறகு, "மரத்த வாயோட அவங்க சொன்னது உங்க காதுல விழுந்துதா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க" என்றாள்.

டாக்டர் பெஞ்சைப் பார்த்தார். எல்லாரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"விழுந்துச்சு. ஒருத்தர் விடாம எல்லாரும் சொன்னாங்க."