வெள்ளிக்கிழமையிலிருந்து பூஜ்யம்

தரவு மையத்திலிருக்கும் பெரிய கணினிகளைக் கூறு போட்டு, அலுவலகத்தில் ஆளுக்கொரு வெர்ச்சுவல் மெஷினாகக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. முன்பெல்லாம் வேண்டியதைப் படிவம் நிரப்பிக் கேட்பார்கள். இப்போது நான் எழுதிய நிரல், அவரவர் பழக்கத்தைப் பார்த்து அடுத்த இரண்டு வாரத் தேவையைத் தானே கணித்து ஒதுக்கிவிடுகிறது. சும்மா கிடக்கும் மெஷினைப் பிடுங்கியும் கொள்ளும். அதற்குப் பயந்து, இடத்தை விட்டு எழுகிறவர்கள் ஒரு குட்டி நிரலைச் சுற்றவிட்டு, வேலை நடப்பதுபோல் காட்டிவிட்டுப் போவார்கள். கண்டும் காணாததுபோல் இருந்துவிடுவேன்.

ஜனவரியில், ஒரு புதன்கிழமையிலிருந்து எங்களோடு வேலை பார்த்த வின்சன்டின் தேவை பூஜ்யம் என்று காட்டியது. லீவு போடுகிறான் போலும் என்று நினைத்தேன். அந்தப் புதன்கிழமை காலை, பனியில் கார் சறுக்கி வின்சன்ட் செத்துப்போனான். நிரலுக்கு எப்படித் தெரிந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

இந்தத் திங்கட்கிழமை அரியரத்தினம் அண்ணாவுக்குப் பூஜ்யம். வெள்ளிக்கிழமையிலிருந்து.

அவர் என் பக்கத்து மேசைக்காரர். சென்னையிலிருந்து இந்தப் பனி நாட்டில் வெறும் ஸ்வெட்டரோடு வந்து இறங்கிய எனக்கு, முதல் குளிர்கோட்டு வாங்கித் தந்த மனிதர். நாற்காலியை அவர் பக்கம் திருப்பினேன்.

"வெள்ளிக்கிழமை லீவாண்ணா?"

"இல்லைப் பிள்ளை. ஏன் கேக்கிறீர்?"

"உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"இடைக்கிடை நெஞ்சு நோகும். அது வாய்வு."

வாய்வாம்! மூன்று நாள் நச்சரித்தேன். போனைக் காதிலிருந்து எடுக்காமல் காத்துக் கிடந்து, பக்கத்திலிருக்கும் புவாண்ட்-கிளேர் கிளினிக்கில் வியாழன் மாலை ஐந்து மணிக்கு நேரம் வாங்கினேன்.

"சரி, போறன். உம்மட கரைச்சல் தாங்கேலாது" என்றார்.

வியாழன் நான்கு மணிக்குத் திரையைப் பார்த்தேன். பூஜ்யத்தைக் காணவில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு என்று அவருடைய கோடு ஜம்மென்று ஏறிக்கொண்டிருந்தது. கழிவறைக்குள் போய் அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

திரும்பி வந்தபோது அண்ணா கோட்டு மாட்டிக்கொண்டு நின்றார்.

"வெளியில சரியான ஸ்னோ. கிளினிக்குக்குத் திங்கக்கிழமை போகட்டே?"

"போங்கண்ணா, ஒண்ணும் அவசரமில்ல" என்று சிரித்தேன். நான்தான் சொன்னேன்.

வெள்ளி காலை பத்து மணியாகியும் அவர் வரவில்லை. போனை எடுக்கவில்லை. திரையிலோ அவருடைய மெஷின் மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். ஒரே ஒரு குட்டி நிரல் சுற்றிக்கொண்டிருந்தது. வியாழன் மூன்றே முக்காலுக்கு, நான் திரையைப் பார்ப்பதற்குக் கால் மணி முன்பு, தொடங்கியது. அதன் தலைப்பில் அண்ணா எழுதியிருந்தார்:

"டொக்டரிட்டப் போறன். பேந்து வருவன். மெஷினைப் பிடுங்கிப்போடாதையும் பிள்ளை."

நிறுத்தக் கை வரவில்லை. மறுபடி போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருக்கும்போது திரையில் அறிவிப்பு வந்தது: அரியரத்தினத்தின் தேவை கூடியுள்ளது, இன்னொரு மெஷின் ஒதுக்கப்பட்டது.