பத்துச் சொற்களுக்கு மிகாமல்

1

இந்தக் கதை எனக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு வந்து சட்டையைப் பிடிக்காதீர்கள். கேரள எல்லைப் புளியறைச் சாவடிக்கு முன்னால் லாரிகள் அடைத்துக்கொண்டு பஸ் நின்றுபோன ஒரு பகலில், பக்கத்து இருக்கைக்காரர் பொழுது போகாமல் இதை ஆரம்பித்தார். செங்கோட்டை தாண்டும்போது கதை சூடு பிடித்துவிட்டது. தென்காசி வந்ததும் மனிதர் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்.

"அப்புறம் என்னாச்சு அண்ணாச்சி?" என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

அவர் கையை விரித்தார். 'தெரியாது' என்று விரித்தாரா, 'அதை எப்படிச் சொல்ல' என்று விரித்தாரா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆகவே இதில் தலை அவருடையது. உடம்பில் பாதி நான் ஒட்டவைத்தது. வாலுக்கு உங்களிடம்தான் வரவேண்டியிருக்கிறது.

2

தொடக்கத்தை மூன்று தடவை எழுதினேன்.

'1962ஆம் வருஷத்து ஆனிச் சாரலில், குற்றால மலைமேல் முகில்கள்—'

வேண்டாம். குற்றாலம் என்று பேனாவை எடுத்தாலே எல்லோருக்கும் இந்த முகில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

'யாக்கூப் ஒரு பரிசுப் பைத்தியம்.'

இதுவும் நியாயமில்லை. சொல்லப்போனால் எனக்கே அந்தப் பைத்தியம் உண்டு. அதைக் கடைசியில் சொல்லுகிறேன்.

சரி, நடந்ததை நடந்தபடி. குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற வழியில் யாக்கூப்புக்கு ஒரு சின்னக் கடை. நல்லெண்ணெய், சீயக்காய், துண்டு, சோப்பு. அவனிடம் சோப்பு கேட்டால் அப்படியே தூக்கிக் கொடுத்துவிட மாட்டான். உறையைப் பிரித்து, வெறும் சோப்பைத்தான் கையில் வைப்பான்.

"எண்ணெக் கையால பிரிக்க வராது அண்ணாச்சி, வழுக்கிட்டுப் போயிரும். நானே பிரிச்சுத் தாரேன்."

இவ்வளவு அக்கறையான வியாபாரியா என்று மதுரைக்காரர்களும் கோவைக்காரர்களும் மெச்சிக்கொண்டு அருவிக்குப் போவார்கள். அவர்கள் தலை மறைந்ததும் யாக்கூப் அந்த உறையை நீவி, மடிப்பு எடுத்து, தகர டப்பாவுக்குள் வைப்பான். சோப்புக் கம்பெனிகள் போட்டி வைக்கிற காலம் அது. 'இந்த வாக்கியத்தைப் பத்துச் சொற்களுக்கு மிகாமல் நிரப்புங்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துடனும் ஓர் உறை இணைக்கவும்.' சீசன் முடியும்போது, தென்காசி வட்டாரத்திலேயே உறைச் செல்வந்தன் யாக்கூப்தான்.

சோப்பு மட்டுமா? தேயிலைப் பொட்டலம், பல்பொடி டப்பா மூடி, ஜாடிக்குள் எத்தனை புளியங்கொட்டை என்று ஊகிக்கிற போட்டி, ஒன்றையும் விடுவதில்லை. இத்தனை வருஷத்தில் கிடைத்தது ஒரு சீப்பு, ஒரு காலண்டர், ஒரு கைக்குட்டை. மூன்றும் ஆறுதல் பரிசு.

"தலையில முடி கொட்டுன பிற்பாடு சீப்பு வந்துருக்கு. கம்பெனிக்காரன் ஆளைப் பாத்துத்தான் அனுப்பிருக்கான்," என்பாள் அவன் மனைவி ஜாஹிரா.

"சிரி, சிரி. ஒரு நாளைக்கு ரேடியோ வரும், அன்னிக்கு நீ என்ன செய்யுதேன்னு பாக்கேன்."

"பாட்டு கேப்பேன். வேற என்ன செய்வாங்க?"

3

(இங்கே ஒரு சந்தேகம். பரிசு விழாத மனிதன் ஏன் திரும்பத் திரும்ப எழுதுகிறான்? ஆசை என்று சொல்லிவிடலாம். பக்கத்து இருக்கைக்காரரும் அப்படித்தான் சொன்னார். எனக்கு அது போதவில்லை. தென்காசியில் ஒரு முடுக்குச் சந்துக்குள் உட்கார்ந்து எழுதிய வரியை, பம்பாயில் எங்கோ ஒரு மேசையில் ஒருவர் எடுத்துப் படிக்கிறார். படித்துவிட்டு, 'அட!' என்கிறார். அந்த ஒரு 'அட'வுக்காகத்தான் யாக்கூப் எழுதினான் என்று நான் வைத்துக்கொள்கிறேன். உங்களுக்கு ஆசை போதும் என்றால் ஆசையே இருக்கட்டும்.)

4

அந்த வருஷம் சுகந்தி சோப்புக்காரர்கள் போட்டி அறிவித்தார்கள். முதல் பரிசு மேசை ரேடியோ. 'எங்கள் வீட்டில் சுகந்தியையே விரும்புகிறோம், ஏனெனில்...' என்பதை நிரப்ப வேண்டும். இல்லத்தரசிகள் மட்டுமே கலந்துகொள்ளலாம். ஒருவருக்கு ஒரு விண்ணப்பம்.

போட்டிக்காரர்களுக்கு இதெல்லாம் ஒரு தடையா? வீட்டுப் பெண்கள் பேரில் எழுதுவது அவர்களுக்குள் சர்வசாதாரணம். யாக்கூப் முதலில் மனைவி பேரில் எழுதினான். பிறகு உம்மா பேரில், தங்கை பேரில். டப்பாவில் இன்னும் உறை மிச்சமிருந்தது. தெருப் பெண்கள் பேரிலும் எழுதினான். 'விழுந்தால் போய்ச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம், விழவா போகிறது' என்கிற தைரியம். ஒருத்தியிடமும் கேட்கவில்லை.

கடைசி உறைக்கு அகப்பட்ட பெயர் பக்கத்து வீட்டு ஆவுடைத்தாய்.

ஆவுடைத்தாய் புருஷனை இழந்தவள், வயல் வேலைக்குப் போகிறவள். ஒரே மகன் அய்யாக்குட்டி, தாயோடு மல்லுக்கட்டிக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறிப் போய் வருஷங்கள் ஆகின்றன. ஒரு கடுதாசி கிடையாது. ஒருநாள் அவள் துணி துவைத்துக்கொண்டே ஜாஹிராவிடம் சொன்னது யாக்கூப்பின் காதில் விழுந்திருந்தது:

"எம்மவன் இந்தச் சோப்புதான் கேப்பான். எந்தத் தேசத்துல கெடந்தாலும் இந்த வாசம் அடிச்சா வீட்டு நெனப்பு வராமலா போவும்?"

அதைத்தான் அவன் இப்படி ஆக்கினான்:

'...தூர தேசம் போன மகனும் இந்த வாசனையைத் தேடி வீடு திரும்புவான்.'

ஒன்பது சொற்கள். எழுதி முடித்ததும் அவனே அதை இரண்டு தடவை உரக்கப் படித்துப் பார்த்தான். நல்ல வரி வந்துவிட்டால் அப்படித்தான். அது யாருடைய வயிற்றெரிச்சல் என்று அந்த நேரத்தில் நினைவுக்கு வராது.

5

சாரல் ஓய்ந்த ஒரு சாயங்காலம், குற்றாலத்திலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு யாக்கூப் தென்காசியில் தன் தெருவுக்குள் நுழைந்தான். ஆவுடைத்தாய் வீட்டு முன்னால் கூட்டம். யாருக்கு என்னவோ என்று சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினான்.

நடுவில் ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் வைக்கோல். வைக்கோலுக்குள் ரேடியோ.

"யாக்கூபு! எம்மவன் அனுப்பிருக்கான்லே! பம்பாயிலேருந்து! தபால்காரரே சொல்லுதாரு, பம்பாய்ப் பார்சல்னு!"

பெட்டி மேல் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்ததை யாக்கூப் எழுத்துக் கூட்டி வாசித்தான். சுகந்தி. அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அவன் வரி! பம்பாயில் ஒருவர் 'அட' என்று சொல்லிவிட்டார்!

"யக்கா, இது வந்து—"

ஆவுடைத்தாய் ஒரு கை பூந்தியை அவன் வாயில் திணித்தாள். "மொதல்ல தின்னு. தெருவுல எல்லாரும் தின்னாச்சு, நீ ஒருத்தன்தான் பாக்கி."

வாய் நிறையப் பூந்தியை வைத்துக்கொண்டு உண்மை பேச முடியாது. மென்று விழுங்கி நிமிர்வதற்குள் அவள் அழ ஆரம்பித்திருந்தாள். இத்தனை வருஷமாக அழாமல் வைத்திருந்த அழுகை. பெண்கள் சுற்றி நின்று அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள்.

யாக்கூப் சொல்லவில்லை.*

(*பத்திரிகையில் முடிவு வராதா, குட்டு வெளிப்படாதா என்று கேட்பீர்கள். வரும். ஆனால் அந்தத் தெருவில் காசு கொடுத்து வாரப் பத்திரிகை வாங்குகிற ஒரே ஆள் யாக்கூப்தான்.)

6

அடுத்து ஒரு சங்கடம். ஆவுடைத்தாய் வீட்டில் கரண்டு கிடையாது. யாக்கூப் வீட்டில் உண்டு.

மறுநாளே அவள் ரேடியோவை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். "ஒங்க வீட்டுலயே இருக்கட்டும் ஜாஹிரா. சாயங்காலம் நான் வந்து கேட்டுட்டுப் போறேன்."

போஸ்டாபீசில் ரேடியோவுக்கு லைசென்ஸ் எடுத்ததும் யாக்கூப்தான். அவன் ஆசைப்பட்ட ரேடியோ, அவன் வீட்டு அலமாரியில், அவன் சம்பாதித்த ரேடியோ. தினமும் விளக்கு வைத்ததும் ஆவுடைத்தாய் வந்து சுவரோரமாக உட்காருவாள். உள்ளே வால்வு சூடாகிப் பாட்டு வருகிறவரைக்கும் மூச்சு விடமாட்டாள். செய்திகள் வந்தாலும் கேட்பாள். பம்பாய் என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஜாஹிராவை ஏமாற்ற முடியுமா? மூன்றாம் நாளே பெட்டியின் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து முன்னால் வைத்தாள்.

"இது நீங்க எழுதுத சோப்புக் கம்பெனிதானே? அவ பேருல எழுதுனீகளா?"

யாக்கூப் பலகையை எழுத்து தெரியாமல் திருப்பிப் போட்டான்.

"அல்லாவே! என்னத்த எழுதுனீக?"

சொன்னான். "நல்லாத்தான் எழுதிருக்கீக," என்றாள் அவள். "அதான் எனக்குப் பயமா இருக்கு."

(இந்த இடத்தில் நான் யாக்கூப்பைச் சந்தேகப்பட்டேன். அவன் வாயை மூடிக்கொண்டது ஆவுடைத்தாய் மேல் இரக்கப்பட்டா, ரேடியோ வீட்டைவிட்டுப் போய்விடுமே என்றா, அவள் பேச்சைத் திருடி எழுதியது வெளியே வந்துவிடுமே என்றா? ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் கதை சுத்தமாக இருக்கும். ஆனால் பாவம், மூன்றுமே இருந்திருக்கும். மனுஷன்தானே.)

7

இப்படியே விட்டிருந்தால் கதை என்று ஒன்றும் இல்லை. ஓர் அம்மா சந்தோஷமாகப் பாட்டு கேட்டாள் என்று முடித்துவிட்டு நானும் பிழைத்திருப்பேன்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் ஆவுடைத்தாய் வந்து உட்கார்ந்தபோது அவள் காது வெறுமையாக இருந்தது. பாம்படம் தொங்கித் தொங்கி நீண்ட துளை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ஜாஹிராதான் முதலில் பார்த்தாள்.

"பாம்படம் எங்கக்கா?"

ஆவுடைத்தாய் முந்தானை முடிச்சைத் தொட்டுக் காட்டினாள். "காலையில கொண்டு போய் வித்துப்புட்டு பம்பாய்க்கு டிக்கெட் எடுக்கப் போறேன். பெட்டியில அட்ரஸ் இருக்குல்லா? அங்கன போய் நின்னு, எம்மவனக் கூட்டிட்டு வந்துருவேன்."

பாஷை தெரியாத ஊரில், ஒரு சோப்புக் கம்பெனி வாசலில், வெறுங்காதோடு இவள் நின்று 'எம்மவன் எங்க?' என்று கேட்பது யாக்கூப்பின் கண்முன் தெரிந்தது. ஜாஹிரா அவனையே பார்த்தாள். 'இப்போ சொல்லலேன்னா நீங்க மனுசனே இல்ல' என்கிற பார்வை.

8

முடிவுகள். எழுதிப் பார்த்தவை:

முதலாவது. மறுநாள் காலை அய்யாக்குட்டியே கையில் பெட்டியோடு வந்து இறங்குகிறான். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. மறுபடி வாசித்தபோது வெட்கமாகிவிட்டது. யாக்கூப்பின் வரியை நான் நிஜமாக்கிக் கொடுத்தால், நானும் சோப்பு விற்கிறவன்தான்.

இன்னொன்றில் ஜாஹிரா முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறாள். அப்படியானால் யாக்கூப் தப்பித்துவிடுவான். அவனை அவ்வளவு லேசில் விட எனக்கு மனமில்லை.

மூன்றாவதில் யாக்கூப் அவளோடு ரயிலேறி, தாதர் ஸ்டேஷனில்—

இல்லை. எனக்குப் பம்பாய் தெரியாது. யாக்கூப்புக்கும் தெரியாது.

9

ஆகவே அந்தச் சாயங்காலத்துக்கே திரும்புகிறேன்.

யாக்கூப் எழுந்து ரேடியோவின் குமிழைத் திருகி நிறுத்தினான். பாட்டு பாதியில் நின்றது.

"யக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நான் ஒண்ணு கேக்கேன், அத மொதல்ல செஞ்சு குடு," என்றாள் ஆவுடைத்தாய். "நீ சோப்புக் கம்பெனிக்குல்லாம் எழுதுவியாம்லா? பத்து வார்த்தையில ஆளை மயக்கிருவியாம். தெருவுல சொல்லுதாங்க."

"யக்கா—"

"கேளுடே. எனக்கு அவனப் பாத்தா பேச வராது. அன்னிக்கும் பேசத் தெரியாமத்தான் 'போ, மொகத்துல முழிக்காத'ன்னு வஞ்சுட்டேன். அதைக் கேட்டுத்தான் போனான். இப்பவும் போய் என்னத்தையாவது உளறிருவேன். நீ எழுதிக் குடு. பத்து வார்த்தை போதும். எம்மவன் வாசிச்சா கெளம்பி வந்துரணும், அப்படி எழுது. நான் முந்தியில முடிஞ்சு கொண்டு போறேன்."

சொல்லிவிட்டு அலமாரியில் கிடந்த பென்சிலை எடுத்து அவன் பக்கம் நீட்டினாள். ஜாஹிரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

யாக்கூப் வாழ்நாள் முழுக்க இந்த ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தான் என்று சொல்ல வேண்டும். 'உன் வரி எனக்கு வேணும்' என்று ஒருவர் கேட்க வேண்டும் என்று. கேட்டேவிட்டாள். அவன் பென்சிலை வாங்கினான். பென்சிலைக் கீழே வைத்தான். தரையில் அவள் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"யக்கா, அந்த ரேடியோவ அனுப்புனது..."

பஸ் தென்காசி ஸ்டாண்டுக்குள் திரும்பியது. பக்கத்து இருக்கைக்காரர் பையைத் தூக்கினார். அவருக்கும் யாக்கூப் மாதிரி முன்தலையில் முடி இல்லை. இதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

10

பைத்தியம் எனக்கும் உண்டு என்றேனே, அது இதுதான். நானும் எங்கோ ஒரு மேசையில் நீங்கள் 'அட' என்பதற்காக இன்னொருத்தியின் வயிற்றெரிச்சலை எடுத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆகவே கடைசி வரியை எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை. நீங்கள் எழுதுங்கள்.

'யக்கா, அந்த ரேடியோவ அனுப்புனது .........'

பத்துச் சொற்களுக்கு மிகாமல் நிரப்பவும். உறை இணைக்க வேண்டாம். எத்தனை விண்ணப்பம் வேண்டுமானாலும் அனுப்பலாம், சொந்தப் பெயரில் மட்டும். பரிசு எதுவும் கிடையாது.

விதி ஒன்றே ஒன்று: அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுத வேண்டும்.