விடயப் பொறுப்பு உத்தியோகத்தர்

நிர்வாக சேவைப் பரீட்சைக்கு இப்திகார் படித்ததைப் போலக் கண்டியில் வேறு யாரும் படித்திருக்க மாட்டார்கள். அதை மற்றவர்கள் சொல்வதற்கு முன்பே அவர் சொல்லிவிடுவார்.

அம்பிட்டியவில் அவருடைய வீட்டு அலுமாரிக் கதவில் நான்கு நிறத்தில் ஒரு நேரசூசி ஒட்டியிருந்தது. அதிகாலையில் சுபஹு தொழுத கையோடு பொது அறிவு. டவுனுக்குப் போகும் பஸ்ஸில் நுண்ணறிவுக் கணக்குகள். சனி, ஞாயிறு பேராதனையில் வகுப்பு. மச்சானின் வலீமா விருந்துக்குக் கலகெதரவுக்குப் போனபோதும் எல்லோரும் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டைச் சுற்றி உட்காராமல் வேனுக்குள் இருந்து பழைய வினாத்தாள் ஒன்றைச் செய்து முடித்தார்.

"நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்று மனைவி மின்ஹா கேட்டாள்.

"நாளைக்கு நான் பிரதேச செயலாளரா வந்தா அந்த நாலு பேரும்தான் முதல்ல வருவாங்க கையெழுத்துக்கு."

பகலில் அவர் கண்டியில் ஒரு திணைக்களத்தில் முகாமைத்துவ உத்தியோகத்தர். மேசையில் கோப்பு விரிந்திருக்கும். கோப்புக்குள் குறிப்புப் புத்தகம் விரிந்திருக்கும். வருகிறவர்களிடம், "அடுத்த கிழம வாங்களே" என்று தலையைத் தூக்காமலே சொல்லப் பழகியிருந்தார். அவரை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் பக்கத்து மேசைக் கஜலட்சுமியும் அதே பரீட்சைக்கு விண்ணப்பித்திருந்தாள். ஆனால் அவளிடம் நேரசூசி எதுவும் இல்லை. வருகிற சனத்தோடு பேசியே அவளுடைய பொழுது போய்விடும். அவளை நினைத்து இப்திகார் உள்ளூர அனுதாபப்பட்டார்.

ஒரு திங்கட்கிழமை கஜலட்சுமிக்குப் பரீட்சை அனுமதி அட்டை வந்தது. இப்திகாருக்கு வரவில்லை. புதன் வரை பொறுத்தார். பிறகு கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார். அப்படி ஒரு விண்ணப்பமே வந்து சேரவில்லை என்றார்கள்.

விண்ணப்பம் திணைக்களத் தலைவருடைய கையெழுத்தோடுதான் போக வேண்டும். அப்படியானால் தவறு இந்தக் கட்டடத்துக்குள்தான் நடந்திருக்கிறது. யாரோ ஒரு சோம்பேறி அதை எங்கேயோ போட்டுவிட்டான்.

"இப்படியான ஆக்கள வெச்சிக்கிட்டு நாடு எப்படி முன்னேறும், சொல்லுங்க?" என்று அறை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

கஜலட்சுமி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கேட்கிற நிலையில் இல்லை. உட்கார்ந்து பணிப்பாளருக்கு இரண்டு பக்க முறைப்பாடு எழுதினார். வகுப்பில் படித்தபடியே பிரச்சினையை அடையாளம் கண்டு, காரணத்தை விளக்கி, பரிந்துரையும் சொன்னார்: 'கடமை தவறிய உத்தியோகத்தர் எவராயினும் அவருக்கெதிராகக் கடும் நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும்.'

பணிப்பாளர் மெடம் சுறுசுறுப்பானவர். பின்னேரத்துக்குள் முறைப்பாடு திரும்பி வந்துவிட்டது, இப்திகாரின் மேசைக்கே. ஓரத்தில் பச்சை மையில் ஒரு வரி இருந்தது: 'பரீட்சை விண்ணப்பங்கள் தொடர்பான விடயப் பொறுப்பு உத்தியோகத்தர் விளக்கமளிக்கவும்.'

அதை அவர் மூன்று தரம் வாசித்தார். இரண்டு வருடமாக அந்த விடயத்துக்குப் பொறுப்பு அவர்தான்.

மெல்ல மேசை லாச்சியை இழுத்தார். மாதிரி வினாத்தாள்களுக்கு அடியில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் முத்து முத்தான எழுத்தில் நிரப்பிய அவருடைய விண்ணப்பம் கிடந்தது. முகப்புக் கடிதம் அடித்து இணைக்க வேண்டும் என்று வைத்தவர், அன்று நுண்ணறிவில் ஒரு கணக்குப் பிடிபடாமல் அதிலேயே மூழ்கிப்போயிருந்தார்.

"அப்ப உங்கட விண்ணப்பம் எப்படிப் போச்சு?" என்று கஜலட்சுமியிடம் கேட்டார்.

"ஒங்ககிட்ட ரெண்டு தடவ கொண்டாந்தேன், நானா. அடுத்த கிழம வாங்கன்னு சொன்னீங்க. படிக்கிறவர எதுக்குக் குழப்பணும்னு நானே கடிதம் அடிச்சு, மெடம்கிட்ட கையெழுத்து வாங்கி, தபால்ல போட்டுட்டேன்."

"என்டயையும் கேட்டு எடுத்துப் போட்டீக்கலாமே!"

"ஒங்களோடத நீங்க மொத ஆளா அனுப்பியிருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்."

அவருக்கு அழுகை வரும் போலிருந்தது. மின்ஹாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி பஸ்ஸுக்குப் போகாமல் கண்டி வாவியை ஒரு சுற்று நடந்தார். சொன்னபோது மின்ஹா கோபிக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போனாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரிந்ததும் இப்திகாருக்கு இன்னும் வலித்தது. கொஞ்ச நேரத்தில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் விளக்கக் கடிதத்தில் 'வேலைப்பளு காரணமாக' என்று தொடங்கினார். பிறகு அதைக் கிழித்துப் போட்டு, 'தவறு என்னுடையது' என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார். மெடம் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்.

குறிப்புப் புத்தகங்கள் ஆறையும் கஜலட்சுமியின் மேசையில் கொண்டுபோய் வைத்தார். பரீட்சை நடந்த சனிக்கிழமை பின்னேரம் அவளே தொலைபேசி எடுத்தாள்.

"சம்பவக் கற்கை வினாத்தாள்ல ஒரு கிளார்க், நானா. சனம் வந்து காத்துக் கெடக்கு, அவரு தலையத் தூக்கிப் பாக்கல. ஏன், என்ன செய்யணும்னு கேட்டிருந்தாங்க."

"என்ன எழுதினீங்க?"

"எல்லாம் ஒங்ககிட்டேருந்து படிச்சதுதான்," என்றாள் அவள், மிகுந்த நன்றியோடு.

அவள் எந்தப் புத்தகத்தைச் சொல்கிறாள் என்று இப்திகார் கேட்கவில்லை.