போத்தனூர் என்கிற கன்ட்ரோல் ஒய்

டீ குடிக்க எழுந்த சைத்ரா, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளியபடியே கீபோர்டில் இரண்டு பட்டன்களைச் சேர்த்துத் தட்டினாள். திரை பூட்டிக்கொண்டது. தட்டும்போது தனக்குத்தானே பேசிக்கொள்கிற குரலில், "கதவச் சாத்து" என்றாள்.

பக்கத்து மேசையில் இருந்த அன்புச்செல்விக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

"ஏனுங்க்கா, வரலீங்களா? டீ ஆறிப்போயிரும்."

"நீங்க போங்க. வாரேன்."

அந்தப் பள்ளிக்கூட அலுவலகத்தில் அன்புச்செல்வி அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். சைத்ரா அங்கே பழைய ஆள். வயதில் சிறியவள் என்பதால் அக்கா என்று கூப்பிடுவாள். அவளிடம் அன்புச்செல்விக்கு அதுவரை ஒரு குறையும் தோன்றியதில்லை. வெளுத்த நிறம், கஞ்சி போட்ட பருத்திச் சேலை, தாத்தா காலத்தில் சொந்தமாக மில் இருந்த குடும்பம் என்று யாரோ சொன்னார்கள். தன் தாத்தா அந்த மாதிரிக் குடும்பங்களின் தோட்டத்தில் பாத்தி கட்டியவர் என்பது அன்புச்செல்விக்கு ஞாபகம் வந்தது. அதுவும் ஒன்றும் செய்யவில்லை. இந்த 'கதவச் சாத்து' மட்டும் நெஞ்சில் போய் எங்கேயோ இடித்தது.

ஏனென்றால் அது அவளுடையது.

கல்யாணமாகி கருமத்தம்பட்டியிலிருந்து போத்தனூருக்கு வந்த புதிதில் அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. பி.காம். படித்திருந்தாள். கல்லூரி லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கு நான்கு பேர் உட்காருவார்கள், கீபோர்டு பக்கத்தில் உட்கார அவளுக்கு வாய்த்ததே இல்லை. கணவன் பிரவின்குமார் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து படுக்கையறை ஜன்னலோரம் வைத்தான். அவளை உட்காரவைத்து, பின்னால் நின்று, அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிச் சொல்லிக்கொடுத்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் வைத்தான். கன்ட்ரோல் எஸ் என்றால் 'முடிஞ்சு வை'. முந்தானையில் காசை முடிந்துகொள்கிற மாதிரி, செய்த வேலையை அப்போதைக்கப்போது பத்திரப்படுத்த. கன்ட்ரோல் எஃப் 'டார்ச் அடி'. தேடுகிற சொல்லை அது வெளிச்சம் போட்டுக் காட்டும். திறந்திருக்கும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் ஆல்ட் டேப்புக்கு 'பக்கத்து ஊட்டுக்குப் போ'. மேசையை விட்டு எழுந்தால் விண்டோஸ் எல், 'கதவச் சாத்து'. காப்பிக்கும் பேஸ்ட்டுக்கும் மட்டும் பேர் வைக்கவில்லை. அது ஊருக்கே தெரிந்ததுதானே என்றான்.

புதுப்பெண்டாட்டியாக அவள் கற்றுக்கொண்ட பாஷை அது. எட்டு வருஷமாக உலகத்தில் இரண்டே பேர் பேசுகிற பாஷை என்று நினைத்திருந்தாள்.

சைத்ரா திரும்பி வந்த பிறகு அன்புச்செல்வி அவள் கையைப் பார்த்தாள். இடது கை சுண்டுவிரல் கன்ட்ரோல் பட்டன்மேல் நட்டுவைத்த மாதிரி நின்றது. மற்ற விரல்கள் அதைச் சுற்றிச் சுழன்றன. 'சுண்டுவிரல நட்டுவெச்சுக்கோ அம்மணி, அதுதான் ஆணிவேரு' என்று பிரவின் சொல்வான். தன் சுண்டுவிரலைக் குனிந்து பார்த்தாள். அதே மாதிரிதான் நின்றிருந்தது. ஒரே தையல்காரர் தைத்த இரண்டு ரவிக்கை போல.

"நல்லா வேகமா பண்றீங்க சைத்ரா. எங்க கத்துக்கிட்டீங்க?"

"காந்திபுரத்துல ஒரு சென்டருங்க்கா. தாத்தா மில்லு மூடுனதுக்கப்புறம் அப்பா எங்கியாச்சும் வேலைக்குப் போன்னுட்டாரு. அங்க பிரவின் சார்னு ஒருத்தர். சும்மா சொல்லக் கூடாது, அவரு மாதிரி பொறுமைசாலி கிடையாதுங்க. அவரக் கட்டிக்கிட்டவ குடுத்து வெச்சவங்க்கா."

அன்புச்செல்வி சிரித்தாள். உதடு மட்டும்தான் நகர்ந்தது.

"உங்க ஊட்டுக்காரர் பேரு என்னங்க்கா? கேக்கவே இல்ல பாருங்க."

"குமாருங்க" என்றாள். பொய்யில்லை. பிரவினை அவளுக்கு விட்டுவிட்டு, குமாரைத் தனக்கு வைத்துக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு முன் பிரவின் ஒரு சென்டரில் பாடம் எடுத்தது அவளுக்குத் தெரிந்த சங்கதிதான். தெரிந்தது எப்படி இத்தனை நாள் தெரியாமலே இருந்தது என்று யோசித்தாள். சென்டர் என்றால் கரும்பலகை, வரிசையாகப் பிள்ளைகள் என்றே நினைத்திருந்தாள். அந்த வரிசையில் ஒரு நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, ஒரு தோளுக்கு மேலாகக் கையை நீட்டுகிற பிரவினை அவள் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். தோள் சைத்ராவின் தோளாக இருந்தது.

ஆனாலும் ஒன்று மிச்சம் இருந்தது. கன்ட்ரோல் இசட்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் ஏதோ அற்பச் சண்டை. "நான் கருமத்தம்பட்டிக்கே போறனுங்க" என்று அழுதுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். மறுநாள் காலையில் பிரவின் அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, கன்னாபின்னாவென்று எழுத்துகளைத் தட்டினான். பிறகு கன்ட்ரோல் இசட்டை அழுத்தினான். தப்பெல்லாம் அழிந்து பழையபடி ஆனது. "பாத்தியா? இதுக்குப் பேரு கருமத்தம்பட்டி. தப்பு நடந்தா திரும்பிப் போறதுக்கு" என்றான். அப்புறம் கன்ட்ரோல் ஒய்யை அழுத்த, போனதெல்லாம் வந்தது. "இது போத்தனூரு. ஆனா ஒண்ணு அம்மணி. கருமத்தம்பட்டிக்குப் போயிட்டு அங்க புதுசா ஒரே ஒரு எழுத்த அடிச்சுப்போட்டயின்னாலும் தீந்துது. அப்புறம் போத்தனூர் வர வழி அடைஞ்சு போயிரும்."

அவள் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு அவளுக்கே இன்னும் கேட்கும். இது இன்னொருத்திக்குப் பொருந்தவே பொருந்தாது. சைத்ரா கன்ட்ரோல் இசட்டை என்னவென்று சொல்கிறாள் என்று தெரிந்துவிட்டால் போதும், மற்றதையெல்லாம் விட்டுக்கொடுத்துவிடலாம்.

சாயங்காலம் கிளம்புகிற நேரத்தில், தான் அடித்துவைத்த கடிதத்திலிருந்து ஒரு பத்தியை வேண்டுமென்றே அழித்தாள்.

"அய்யோ சைத்ரா, இங்க பாருங்களேன். அழிச்சுப்போட்டேன்."

சைத்ரா எட்டிக் கை நீட்டினாள். சுண்டுவிரல் நட்டுக்கொண்டது.

"இதுக்குப் போயா பயப்படுவீங்க? துடியலூர் போனா ஆச்சு."

பத்தி வந்துவிட்டது. அன்புச்செல்வி பத்தியைப் பார்க்கவில்லை.

"துடியலூரா?"

"எங்க ஊருங்க்கா. தப்பு நடந்தா சொந்த ஊருக்குத் திரும்பிப் போற மாதிரியாம். சார் வெச்ச பேரு."

போத்தனூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவள் வெளியே பார்க்கவில்லை. அவன் சைத்ராவை விரும்பியிருந்தான் என்று தெரிந்திருந்தால்கூட இத்தனை வலித்திருக்காதோ என்று தோன்றியது. விரும்பியிருந்தால் அவளுக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று இருந்திருக்கும். இதுவோ ஒரே வாசகம். ஊர்ப்பேரை மட்டும் எடுத்துவிட்டு வேறு ஊர்ப்பேரைப் போட்டிருக்கிறான். தன் கல்யாணத்தின் ஆகப் பெரிய இனிப்பு, ஏற்கெனவே யாருக்கோ கிண்டிய பாத்திரத்தில் ஒட்டியிருந்தது.

வீட்டில் பிரவின் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே விழுந்த முறுக்குத் தூளை உதிர்த்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, சைத்ரான்னு யாராச்சும் உங்ககிட்டப் படிச்சாங்களா?"

"எந்த சைத்ரா?"

"எத்தன சைத்ரா இருக்காங்க?"

அவன் யோசித்தான். "ஆமா. துடியலூரு. மில்லுக்காரர் பேத்தி. மஞ்சக் கலர் ஸ்கூட்டியில வரும். ஏன், உங்க ஸ்கூல்லயா இருக்குது?"

"ஸ்கூட்டி கலரெல்லாம் ஞாபகம் இருக்குதுங்களே. நம்ம கல்யாணத்துல நான் என்ன கலர் சேல கட்டியிருந்தேன்?"

"செகப்பு."

"முகூர்த்தத்துக்கு எல்லாரும்தான் செகப்பு கட்டுவாங்க. ரிசப்ஷனுக்கு?"

பிரவின் கீபோர்டைப் பார்த்தான். அதிலிருந்து இன்னொரு முறுக்குத் துண்டு விழுந்தது. "என்ன அம்மணி ஆச்சு உனக்கு?"

"அம்மணியெல்லாம் வேண்டாமுங்க. கருமத்தம்பட்டி, துடியலூரு. இன்னும் எந்தெந்த ஊரு இருக்குதுன்னு சொல்லிப்போடுங்க, ஒரேயடியாக் கேட்டுக்கறேன்." எத்தனை கோபத்திலும் 'ங்க' மட்டும் விட்டுப்போகவில்லை. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. "அட, அது பாடம் செல்வி. சொந்த ஊரச் சொன்னா யாரும் மறக்க மாட்டாங்க. அன்னூர்க்காரருக்கு அன்னூரு, பொள்ளாச்சிக்காரருக்குப் பொள்ளாச்சி. அழகிரிசாமின்னு ரிட்டயர்டான பெரியவர் ஒருத்தர் வந்தாரு. அவருக்கு மேட்டுப்பாளையம்."

"அவரையும் அம்மணின்னுதான் கூப்புட்டீங்களா?"

பிரவின் சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்ததே என்று கண்ணில் தண்ணீரும் வந்தது.

"அப்ப நானும் ஒரு பேட்ச்தானுங்களே."

அவன் கீபோர்டை நிமிர்த்தி மேசைமேல் வைத்தான். பிறகு, "உனக்குத்தான் போத்தனூர் வெச்சேன். அவங்களுக்கெல்லாம் போறதுக்கு மட்டுந்தான் ஊரு. திரும்பி வர நான் யாருக்கும் ஊரு வெக்கல" என்றான்.

நம்பலாம் போல இருந்தது. நம்பலாம் போல இருக்கிற ஒன்றை அவன் உடனே கண்டுபிடித்துச் சொன்னதுதான் இடித்தது. சைத்ராவிடம் கேட்டால் தெரிந்துவிடும். கன்ட்ரோல் ஒய்க்கு என்ன பேருங்க என்று ஒரு கேள்வி. ஆனால் மறுநாள் அந்தக் கேள்வியை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே தவிர, கேட்கவில்லை. அவளும் போத்தனூர் என்று சொல்லிவிட்டால்? கேட்காதவரைக்கும் பாதியாவது தன்னிடம் இருக்கும்.

அதற்கு அடுத்த நாள் பேருந்துத் தடங்களை மாற்றினார்கள். எந்தப் பிள்ளை எந்த நிறுத்தத்தில் எந்தப் பேருந்தில் ஏறும் என்று சைத்ரா காலையிலிருந்து தலை நிமிராமல் அடித்துக்கொண்டிருந்தாள். மதியம் அது பெற்றோருக்குப் போக வேண்டும். தாளாளர் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் சைத்ராவுக்குப் போன் வந்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டே வேலை பார்த்தாள். எங்கேயோ தவறான இடத்தில் ஒட்டிவிட்டாள் போல. "துடியலூரு, துடியலூரு" என்று முனகியபடி அழுத்தினாள். போனில் யாரோ ஏதோ கேட்க, பதில் சொல்லிக்கொண்டே அழுத்திய விரலை எடுக்க மறந்துவிட்டாள். திரையில் வரிகள் கடகடவென்று பின்னோக்கி ஓடின. போனை வைத்த கையோடு, பழக்கதோஷத்தில், "முடிஞ்சு வை" என்று சேமித்தும் விட்டாள்.

பிறகுதான் பார்த்தாள். தலைப்பும் இரண்டு வரியும் இருந்தன.

"அக்கா." குரல் உள்ளே போயிருந்தது. "எல்லாம் போச்சுங்க்கா. முடிஞ்சும் வெச்சுட்டேன். திறந்து பாத்தாலும் இதுதான் இருக்கும். ரொம்பத் தூரம் போயிட்டனே. இதுல திரும்பி வர ஒரு வழியுமே இல்லீங்களே."

அன்புச்செல்விக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. சந்தோஷம். உடம்பெல்லாம் குளிர்ந்த மாதிரி ஒரு சந்தோஷம். இவளுக்குத் தெரியவில்லை. இவளுக்குத் திரும்பி வர ஊர் வைக்கவில்லை. பிரவின் சொன்னது நிஜம்.

"முதல்ல இருந்து அடிக்க வேண்டியதுதான்" என்று சைத்ரா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். விரல்களைக் கீபோர்டின்மேல் கொண்டுவந்தாள்.

ஒரே ஒரு எழுத்து. அவள் அதைத் தட்டிவிட்டால் வழி அடைந்துவிடும். போத்தனூர் அன்புச்செல்விக்கு மட்டும் என்று ஆகிவிடும். சும்மா இருந்தால் போதும். யாரும் தன்னை ஒரு வார்த்தை சொல்ல முடியாது. தெரியாது என்று நினைத்துக்கொள்வார்கள். சொல்லிவிட்டாலோ, கடைசியாக இருந்த ஒன்றும் இவள் கைக்குப் போய்விடும். நாளைக்கு இந்தச் சுண்டுவிரல் அதையும் அழுத்தும். இத்தனையும் அவள் தெளிவாக, அவசரமே இல்லாமல் நினைத்தாள். சைத்ராவின் விரல் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நினைத்தாள்.

"கைய எடு!"

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. 'ங்க' விட்டுப்போயிருந்தது.

சைத்ரா சூடுபட்டவள் போலக் கையை இழுத்துக்கொண்டாள். அன்புச்செல்வி எழுந்து வந்து, கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, சைத்ராவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். எதை அழுத்துகிறாள் என்பது தெரியாத மாதிரி நின்றாள். அழுத்தினாள். பேருந்துகள் வந்தன. நிறுத்தங்கள் வந்தன. பிள்ளைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து, கடைசிப் பேருந்தின் கடைசிப் பிள்ளையும் ஏறிக்கொண்டது.

"அக்கா! என்னங்க்கா பண்ணுனீங்க?"

"இனி இப்படி ஆச்சுன்னா என்னயக் கூப்புடுங்க. நான் வந்து அமுத்தித் தாரேன்."

"நீங்க லீவு போட்ட அன்னைக்கு ஆச்சுன்னா?"

சைத்ராவின் கண்ணிமையில் ஈரம் இன்னும் இருந்தது. அன்புச்செல்வி அதைப் பார்த்தாள். சற்று முன்னால் தான் எண்ணி எண்ணி நின்ற அந்த நேரம் நினைவுக்கு வந்தது.

"கன்ட்ரோல் ஒய்" என்றாள்.

"எங்க பிரவின் சார் இதச் சொல்லியே குடுக்கல பாருங்க! உங்களுக்கு யாருங்க்கா சொன்னது?"

"எங்க ஊட்டுக்காரரு."

"அப்ப எங்க சார விட அவரு பெரிய வாத்தியாரா இருப்பாரு போலிருக்குது."

இப்போது சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. சைத்ரா பிரவினைக் குறைத்துச் சொன்னதற்காக அவளுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"இதுக்குப் பேரு எதாச்சும் வெச்சிருக்காருங்களா?"

"பேரா? இல்லீங்க. பேரெல்லாம் ஒண்ணும் இல்ல."

அது ஒன்றையாவது வைத்துக்கொண்டாள். தன் மேசைக்குத் திரும்பி உட்கார்ந்து, அதை முடிந்து வைத்துக்கொண்டதில் ஒரு நிம்மதியும், அந்த நிம்மதியின்மேல் ஒரு வெட்கமும் இருந்தன.

நாலு மணிக்கு மேல், தலை குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவளுக்குப் பக்கத்திலிருந்து மெல்லிய குரல் கேட்டது.

"செல்விக்கா."

"என்னங்க?" என்று திரும்பினாள்.

சைத்ரா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சுண்டுவிரல் நட்டிருந்தது.

"உங்களக் கூப்புடலீங்க்கா. பேரில்லன்னு சொன்னீங்கல்ல, நானே ஒண்ணு வெச்சுக்கிட்டேன்" என்று இன்னொரு முறை அழுத்தினாள்.