கறுப்புப் பட்டைக்கு அடியில்

திங்கட்கிழமை காலை, ஆஸ்பத்திரியில் அம்மா ஆர்லீனின் உதட்டைப் பஞ்சால் நனைத்துக்கொண்டிருந்தாள் கொரின். அம்மாவின் மூச்சு படியேறுகிறவர்களுடையதைப் போல நின்று நின்று வந்தது.

கம்பளத் தொழிற்சாலையில், கறை பிடிக்காமலிருக்கத் திரவம் தெளிக்கும் அறையில் ஆர்லீனுக்கு இருபத்தோரு வருட வேலை. அந்தத் திரவத்தில் என்ன இருந்தது என்று தெரிந்தால் வேறு மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் வியாழக்கிழமையே சொல்லியிருந்தார். தொழிற்சாலையில் தொழில் ரகசியம் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்பா வெண்டெலுக்கு வாஷிங்டனில், ரசாயனங்களின் ஆபத்தை ஆராயும் அரசு அலுவலகத்தில் வேலை. கம்பெனிகள் மறைக்கச் சொல்லும் பெயர்களின் மேல் கறுப்புப் பட்டை போட்டுக் கோப்பைப் பொதுமக்கள் பார்வைக்கு அனுப்ப வேண்டும்.

"உனக்குத் தெரியாதாப்பா?" என்று அந்த வியாழக்கிழமையே கொரின் அவரிடம் கேட்டாள்.

"எங்ககிட்ட வர்றது வெறும் நம்பர்தாம்மா. டாக்டர் எழுத்துல கேட்டா குடுப்பாங்க, சட்டத்துல வழியிருக்கு. விண்ணப்பத்தை நானே எழுதி, அவர் கையெழுத்து வாங்கி அனுப்பிட்டேன்."

அம்மா கண்ணைத் திறக்காமலே, "கல்யாணத்தன்னிக்குப் பாதிரியார் உன் பேரென்னன்னு கேட்டப்பவே இந்த மனுஷன் யோசிச்சுத்தான் சொன்னாரு" என்றாள். சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரமானது.

வெள்ளி அரசு விடுமுறை. பிறகு சனி, ஞாயிறு. "திங்கக்கிழமை முதல் வேலையா எடுப்பாங்க" என்று வெண்டெல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

எட்டு நாற்பதுக்கு அந்த மூச்சு அடுத்த படி ஏறவில்லை. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டாள்.

பத்து மணிக்கு டாக்டர் ஒரு தாளோடு வந்தார். "அனுமதி இப்பத்தான் வந்துச்சு. என்னை மன்னிச்சிடுங்க." வாசிக்கத் தொடங்கி, நீண்ட ரசாயனப் பெயரின் நடுவில் தடுமாறினார்.

கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்த வெண்டெல், தலையை நிமிர்த்தாமலே மீதிப் பெயரைச் சொல்லி முடித்தார்.

டாக்டர் தாளைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். தாளை மடித்துக்கொண்டு வெளியே போனார்.

"எத்தனை வருஷமாத் தெரியும்?"

"பதினொண்ணு."

"அப்பா."

"வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன், கொரின். முறைப்படியே வந்துடும், நாலு நாள்தானேன்னு..."

அவர் எழுந்து கோட்டை எடுத்தார். ஒரு கை நுழைந்துவிட்டது. இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் வெகுநேரம் துழாவியது.

கொரின் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய், காலியாகத் தொங்கிய அந்தக் கோட்டுக் கையை விரித்துப் பிடித்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.