லாடக்காரர் வீட்டுப் பேச்சு

தான் கொண்டுவந்த தீர்மானத்தை வாஷிங்டனில் தானே திரும்பப் பெற்றுக்கொண்டு, விமானமேறி வீடு வந்து தூங்கிய டேல் விட்கோமுக்கு, மறுநாள் காலை ஆங்கிலம் போய்விட்டிருந்தது. அவர் ஆர்மேனியர்கள் நிறைந்த ஃப்ரெஸ்னோ தொகுதியின் நாடாளுமன்றப் பிரதிநிதி. ஆங்கிலம் இருந்த இடத்தில் ஆர்மேனியன் வந்திருந்தது. அதுவும் பள்ளியில் சொல்லித்தருகிற ஆர்மேனியன் அல்ல. துருக்கியின் கார்பெர்ட் சமவெளியில் ஆக்பூரிக் என்ற ஆர்மேனிய ஊரில் மட்டும் பேசப்பட்டு, 1915இல் ஊரோடு சேர்த்து அழிக்கப்பட்ட பேச்சு. கண்விழித்ததும் மனைவியிடம் வாளி எங்கே என்று கேட்டார். அவள் பக்கவாதம் என்று பயந்து ஆம்புலன்ஸை அழைத்தாள். டாக்டர்கள் தலையைப் படமெடுத்துப் பார்த்துவிட்டு, மனிதர் நன்றாக இருக்கிறார், உப்பை மட்டும் குறைக்கட்டும் என்று அனுப்பிவைத்தார்கள்.

தீர்மானத்தின் கதை ஃப்ரெஸ்னோவில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒவ்வோர் ஆகஸ்டிலும் தேவாலயத்தில் திராட்சை மந்திரிக்கும் நாளன்று இரண்டு கட்சி வேட்பாளர்களும் வருவார்கள், கபாபும் பிலாஃபும் சாப்பிடுவார்கள், மைக்கைப் பிடித்து, 1915இல் துருக்கி ஆர்மேனியர்களுக்குச் செய்ததற்கு இனப்படுகொலை என்ற சொல்லை உரக்கச் சொல்வார்கள். அதைச் சபையில் தீர்மானமாக்குவோம் என்பார்கள். வென்று போனதும், வெள்ளை மாளிகை எந்தக் கட்சி கையில் இருக்கிறதோ அந்தக் கட்சிக்கு அங்கிருந்து ஒரு தொலைபேசி வரும். துருக்கியில் நமக்கு விமானத் தளம் இருக்கிறது, இப்போது வேண்டாம் என்பார்கள். எதிர்க்கட்சி கொதிக்கும். ஆட்சி மாறினால் கொதிப்பவர்களும் மாறிக்கொள்வார்கள்.

விட்கோம் அப்படிப்பட்டவர் இல்லை என்று நம்பி அவருடைய தொகுதி அலுவலகத்தைப் பத்து வருடங்களாக நடத்திவந்தவள் ஆர்பினே நால்பாந்தியான். அவளுடைய பெரியம்மா மகன் ஹ்ராயர் எதிர்க்கட்சிப் பிரதிநிதி மார்ஜரி ஸ்ட்ரவுட் அம்மையாரிடம் வேலை பார்த்தான். விட்கோம் தீர்மானத்தைத் திரும்பப் பெற்ற அன்றே போன் செய்தான்.

“என்னடி, உங்க ஆளு கபாப் தின்ன கையக் கழுவிட்டாரா?”

“உங்க ஆளுங்க போன தடவை கழுவின தண்ணியே இன்னும் காயலடா” என்று சொல்லி வைத்துவிட்டாள். ஆனால் அழுகை வந்தது. அலுவலகச் சாவியை அவர் மேஜையில் விட்டெறிந்துவிட்டுப் போகத்தான் மறுநாள் மாலை வந்தாள். விட்கோம் நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருந்தார்.

“தாயீ, எனக்கு என்னமோ ஆயிப்போச்சு. நான் பேசறது உனக்காவது வெளங்குதா?”

அச்சு அசலாக அவள் அப்பாவின் பேச்சு; ஆக்பூரிக்கிலிருந்து தப்பிய தாத்தாவிடமிருந்து அவருக்கு வந்தது. அப்பா போனபின் அவள் காதில் அது விழுந்ததே இல்லை. அவள் கையிலிருந்த சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“வெளங்குதுங்க. நல்லாவே வெளங்குது.”

விட்கோமின் கட்சி அவருக்குத் தொண்டைக் கட்டு என்று அறிவித்தது. விஷயம் வெளியே கசிந்ததும் எதிர்க்கட்சி குதித்தது. மார்ஜரி ஸ்ட்ரவுட் அதே தீர்மானத்தைத் தன் பெயரில் கொண்டுவந்து, ஆளுங்கட்சியைச் செத்தவர்களே வந்து கேள்வி கேட்கிறார்கள் என்று முழங்கினார். அடுத்த தேர்தலில் அவர் கட்சி வென்றது. தொலைபேசி வந்தது. அம்மையார் தீர்மானத்தை மடித்துவைத்தார். மறுநாள் காலை ஹ்ராயர் மறுபடி கூப்பிட்டான்.

“ஆர்பினே, மானம் போகுது. எங்க அம்மையார் என்னமோ கேக்கறாங்க. கொஞ்சம் வந்து சொல்லேன்.”

“என்னடா கேக்கறாங்க?”

“அது தெரிஞ்சா நான் எதுக்குடி உன் கால்ல விழறேன்!”

மாவு புளித்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தார் அம்மையார்.

அதன்பின் இரண்டு கட்சியிலும், பின்வாங்கியவர்கள் ஒவ்வொருவராக ஆக்பூரிக் பேச ஆரம்பித்தார்கள். சபை ஆர்பினேயை மொழிபெயர்ப்பாளராக நியமித்தது. வருடக்கணக்கில் முகம் பார்க்காத விட்கோமும் ஸ்ட்ரவுட்டும் உணவகத்தில் ஒன்றாக உட்கார்ந்து, முசுக்கட்டைத் தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற முறை யாருடையது என்று சண்டை போட்டார்கள். சண்டை முற்றிச் சிரித்தார்கள். அப்படியே இருவரும் சேர்ந்து தீர்மானத்தைக் கொண்டுவந்தார்கள். வழக்கம்போலத் தொலைபேசி வந்தது. எடுத்தவர் ஆக்பூரிக்கில் பதில் சொன்னார். மறுமுனை வைத்துவிட்டது.

விவாதத்தன்று விட்கோம் சொற்பொழிவு எதுவும் ஆற்றவில்லை. அந்த ஊர்த் தெருவில் நடந்துபோகிறவர்போல வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனார். ஆர்பினே பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஊற்றைத் தாண்டி, ஆலையைத் தாண்டி, “இது லாடக்காரன் மார்கார் வீடு” என்றார். “சாயங்காலமானா கழுதைக்கு லாடம் அடிச்சிக்கிட்டே பாடுவான். கொரலு சகிக்காது.”

ஆர்பினே நிறுத்திவிட்டாள். நால்பாந்தியான் என்றால் லாடக்காரன் வீட்டார். அவள் தாத்தா அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். தன் அப்பா பெயர்கூட அவருக்குத் தெரியாது. பார்வையாளர் மாடத்திலிருந்து ஹ்ராயர் கத்தினான்: “என்னடி சொல்றாரு?”

“எங்க கொள்ளுத்தாத்தா பாட்டு சகிக்காதாம்டா!” என்றாள் மைக்கிலேயே. அழுதாளா சிரித்தாளா என்று யாருக்கும் தெரியவில்லை. சபைக் குறிப்பில் அது அப்படியே ஏறியிருக்கிறது.

அவர் சொல்லிவந்ததில் அடுத்து 1915இன் அந்தக் கோடைக்காலம் வந்தது. சிப்பாய்கள் வந்ததையும், ஆண்களைக் கட்டிக்கொண்டு போனதையும், மற்றவர்களைப் பாலைவனத்தை நோக்கி நடத்தியதையும் அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். அவளும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கடைசியில் அந்தச் சொல் வரவேண்டிய இடம் வந்தது. ஆக்பூரிக் பேச்சில் அதற்குச் சொல் கிடையாது; அந்த ஊருக்கு அதுவரை அது தேவைப்பட்டதில்லை. அதனால் விட்கோம் அதை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார். தெளிவாகவே வந்தது.

தீர்மானம் நிறைவேறியது. வேறு ஆங்கிலம் ஒருவருக்கும் திரும்பவில்லை. அதைப் பற்றி அவர்களும் பெரிதாகக் கவலைப்படவில்லை; சபையில் ஹெட்போன் வாங்கி மாட்டிவிட்டார்கள். இந்த வருடம் ஃப்ரெஸ்னோவில் நிற்கிற இரண்டு கட்சி வேட்பாளர்களும், எதற்கும் இருக்கட்டும் என்று, சனிக்கிழமைகளில் தேவாலய மண்டபத்தில் ஆர்பினே நடத்துகிற ஆக்பூரிக் வகுப்பில் சேர்ந்திருக்கிறார்கள். ஆளுங்கட்சிக்காரருக்கு உச்சரிப்பு இன்னும் படியவில்லை.