கபாலியின் கண்ணீருக்கு வந்த கூட்டம்

என் வீட்டுக்காரர் கபாலி வெங்காயம் நறுக்கினால் அழுவார். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன். மயிலாப்பூரில் எங்கள் அடைக்கடை சாயங்காலம்தான் திறக்கும். அன்றைக்கு மத்தியானம் காலி பெஞ்சுகளுக்கு நடுவே உட்கார்ந்து சின்ன வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மனுஷனை, தெருவில் போன யாரோ வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். "வாடிக்கையாளர் வராமல் கண்ணீர் விடும் பெரியவர். இதைப் பார்த்தும் கல் மனசா உங்களுக்கு?" பின்னால் சோக வயலின் வேறு. இவருக்கு இன்னும் தலைகூட நரைக்கவில்லை. பெரியவராம்!

மறுநாள் கூட்டம் குளக்கரை வரை நின்றது. அடையாறு, தி. நகர் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். அடையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு இவரைக் கட்டிப்பிடித்தார்கள். மதுவந்தி என்று ஒரு பெண், கண்ணெல்லாம் சிவந்து, போனைத் தூக்கிப் பிடித்தபடி, "அங்கிள், மனசுக்குள்ளயே வச்சுக்காதீங்க. அழுதுடுங்க," என்றாள்.

"எதுக்கும்மா அழணும்? யாவாரம் நல்லாத்தான் போய்க்கினு கீது," என்றார் இவர்.

அவள் முகம் சுருங்கிவிட்டது. "அப்போ வீடியோ பொய்யா? எங்களை ஏமாத்துறீங்களா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். எனக்கு வந்த ஆத்திரத்தில் தோசைத் திருப்பியை ஓங்கிவிட்டேன். இவர் என்னை அடக்கிவிட்டு, வெங்காயத்தை எடுத்து நறுக்கிக் கொஞ்சம் அழுது காட்டினார். கூட்டமே விம்மியது.

இந்த அமளியில் தினமும் வருகிற எங்கள் ஆட்களால் உள்ளே நுழையவே முடியவில்லை. தையல்கடை வைத்திருக்கும் ஜைதூன் பீ அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "உன் கட இனிமே எங்களுக்கில்ல நீரஜா," என்று போய்விட்டார். "நம்ம ஆளுங்கள மொதல்ல கவனிய்யா," என்று இவரிடம் சொன்னேன்.

இவர் கேட்டால்தானே? கையிலிருந்ததையெல்லாம் போட்டு அரிசி, பருப்பு வாங்கி, இரண்டு அண்டா மாவு அரைத்து வைத்தார். "நாளைக்கு இன்னும் வருவாங்க பாரு."

மறுநாள் ஒரு ஈ காக்காகூட வரவில்லை. அண்டாவில் மாவு புளிக்க ஆரம்பித்தது. அது இன்று விற்றால்தான் நாளைக்குக் கடை. இவர் தலையில் கைவைத்து உட்கார்ந்து நிஜமாகவே அழுதார். அதை எடுத்துப் போட ஒருத்தருமில்லை.

அப்போது ஜைதூன் பீ அக்கா வந்தார். "கூட்டம் ஒழிஞ்சுதா? அடை போடு. என் கடப் பொண்ணுங்களும் வந்துகினு கீறாங்க. தெருவுல எல்லாருக்கும் சொல்லிட்டேன்." எனக்குப் போன உயிர் வந்தது. கல்லைக் காயவைத்துவிட்டுத் திரும்பினால், இவர் போனைப் பார்த்துத் தேம்பிக்கொண்டிருக்கிறார்.

"நீரஜா, அசோக் நகர்ல ஒரு அம்மா பணியாரக் கட வச்சிருக்கு. ஒருத்தரும் வரலியாம். அழுதுகினு கீது, பாவம்."

"யோவ், அது அடுப்புப் புகைய்யா! நல்லாப் பாரு!" என்று போனைப் பிடுங்கினேன். அக்காவும் தலையை நீட்டினார்.

புகைதான். சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலி பெஞ்சைப் பார்த்தாளே ஒரு பார்வை! நானும் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அக்கா மூக்கை உறிஞ்சினார். "ஆட்டோவக் கூப்புடு கபாலி."

அடுப்பை அணைத்துவிட்டு மூவரும் ஏறினோம். தெருமுனையில் தையல்கடைப் பெண்கள் பாத்திரமும் கையுமாக எங்கள் கடையை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள்.

"இன்னிக்குக் கட இல்ல, போங்க!" என்று நான்தான் கத்தினேன்.